உண்பதற்கே தூண்டில்

கல்லூரி விடுமுறைகளில் நண்பர்கள் கூடிச் செல்லும் இன்பச் செலவுகள் முன்பெல்லாம் மலைவாழிடங்களையும் கோட்டை கொத்தளங்களையும் நோக்கியே அமைந்தன. அண்மைக் காலமாக அவை கடலை நோக்கித் திரும்பியுள்ளன. படகொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு கடலுக்குள் சென்று, தூண்டிலிட்டு மீன் பிடித்து, பிடித்த மீனைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது படித்தவர்களிடையே பரவிவரும் பொழுதுபோக்காகும். இப்பொழுதுபோக்கைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாமும் சென்று வந்தவர்களே. அதன் சுவையையும் அறிவோம். எனினும், படம் எடுத்த பின் அந்த மீன் என்ன ஆயிற்று என்னும் வினாவை எவரும் எழுப்பக் காணோம். அவ்வினாவை விடுத்து அந்த இன்பத்தை மட்டும் பேசுவது அரைப்பேச்சாகவே முடியும். உண்பதற்கென்றே தூண்டில் இடவேண்டும், உண்ணும் வாய்களை எண்ணியே மீன் பிடிக்கவேண்டும் என்பது நம் கருத்து. இக்கருத்தை எங்களுள்ளேயே சிலர் மறுத்தனர். மறுப்பு எழுந்த இடம் ஒரு படகின் மேல்தளம். அது நின்ற இடம் மாலத்தீவுக் கடல்.

மாலத்தீவு நமக்கு அயல்நாடே ஆயினும் அந்நியமன்று. தூத்துக்குடியிலிருந்து மாலே ஏறத்தாழ 700 கிலோமீட்டர்த் தொலைவு. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு அங்குச் சென்று வருதலை நம் கடற்கரை மக்கள் நன்கறிவர். அவர்கள் மொழியாகிய திவேஹியிலும் படகுக்குத் 'தோணி' என்றே பெயர். 'மஸ்' என்றால் மீன். மீன்பிடி படகு 'மஸ்தோணி'. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தேங்காயோடு இடித்துச் சம்பலாக்கப்படும் மாசி, அந்நாட்டுச் சூரைமீனே. பள்ளி ஆசிரியர்களாக நம்மவர் பலர் அத்தீவுகளில் பணியாற்றி வந்திருக்கின்றனர். இவை யாவற்றுக்கும் முற்பட்ட தொடர்பும் உண்டு. 1343-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தீவுகளை அடைந்து, அங்குக் காழியாகப் பணிபுரிந்து, 1344-இல் இலங்கை வழியாக மதுரை சுல்தான்களின் மஅபர் நாட்டுக்கு வந்து சேர்ந்த இப்னு பதூதா, தம் பயண நூலில் அம்மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். செந்நிறத் தசையும் கொழுப்பின்மையும் கொண்ட அம்மீனை நான்காக அறுத்து, சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் உலர்த்துவர் என்றும், இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் அது ஏற்றுமதியாயிற்று என்றும் அவர் குறிக்கிறார். இன்றும் மாசி செய்யும் முறை பெரிதும் அதுவே. ஆறே முக்கால் நூற்றாண்டு மாறாத ஒரு சமையற் குறிப்பை வேறெங்கும் எளிதில் காண இயலாது.

2024 பிப்ரவரியில் நாங்கள் எழுவர் அங்குச் சென்றோம். வடகிழக்குப் பருவத்தை அவர்கள் 'இருவை' என்பர். கடல் அமைந்திருக்கும் காலம் அது. எழுவரில் மூவர் கீழக்கரையார், இருவர் காயலார், ஒருவர் மேலப்பாளையத்தவர், எஞ்சியவர் வாணியம்பாடிக்காரர். காயலார் இருவருள் மூத்தவர், நாங்கள் யாவரும் 'காக்கா' என்றழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், மாலத்தீவுப் பள்ளியொன்றில் பல்லாண்டு கணக்குப் பாடம் நடத்தியவர். அவருடைய பழைய மாணவர் ஒருவர் இப்போது மீன்பிடி படகொன்றின் தலைவர். படகுத் தலைவரை அங்குக் 'கெயொளு' என்பர். ஆசிரியரைக் கண்டதும் அவர் எழுந்து நின்ற பான்மையை எம் கல்லூரி மாணவர்களும் பார்த்திருக்கலாம் என்று தோன்றிற்று. அது நிற்க.

வைகறைத் தொழுகை முடிந்ததும் மஸ்தோணி புறப்பட்டது. சூரை பிடிக்கச் செல்லும் படகு முதலில் சூரையைத் தேடுவதில்லை. சூரைக்குரிய இரையைத் தேடுகிறது. பவளப்பாறையை ஒட்டிய ஆழமற்ற நீரில் சதுர வலையொன்றைக் கழிகளால் தாழ்த்தி, அரைத்த மீன் துணுக்குகளைத் தூவி, நெத்திலியை ஒத்த சிறுமீன்கள் கூடியதும் வலையைத் தூக்குகின்றனர். அச்சிறு மீன்களை உயிருடன் வைத்திருக்கப் படகின் வயிற்றிலேயே ஒரு குளம் அமைத்திருக்கின்றனர். அடித்தட்டிலுள்ள துளைகள் வழியே கடல்நீர் உட்புகுந்தவண்ணம் இருக்கிறது. உள்ளிருப்பதை இயந்திரம் இறைத்து வெளியேற்றுகிறது. முன்னாளில் அதைக் கையால் இறைத்தனராம். பாய்மரத் தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தத் தொடங்கியது 1974-இல்தான்.

இரை சேர்ந்த பிறகே ஆழ்கடல். அங்கு வழிகாட்டுபவை ஆலாப் பறவைகள். அவை கூட்டமாய்த் தாழ்ந்து நீரைக் கொத்தும் இடத்தின் கீழே சூரைக்கூட்டம் இருக்கும். படகு அங்கே சென்றதும் பின்தளத்தில் மீனவர் வரிசையாய் நின்றனர். ஒருவர் உயிரிரையை வாரி வாரி எறிந்தார். படகின் ஓரத்திலிருந்து நீர்த்தூவல் மழைபோற் பொழிந்தது. கடலின் மேற்பரப்பு கலங்குவதால் மேலே நிற்கும் மனிதரும் கழியும் மீனுக்குத் தெரிவதில்லை. பிறகு நிகழ்ந்ததைக் கண் தொடர்வதே அரிது. கழி தாழும், மறுகணம் நிமிரும், இரண்டு மூன்று கிலோ எடையுள்ள மீன் தலைக்கு மேலாகப் பறந்து தளத்தில் விழும். விழும்போதே தூண்டிலிலிருந்து கழன்றுவிடும். ஏனெனில் நம் தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறுமுள் இதில் இல்லை. இரையும் கோக்கப்படுவதில்லை, பளபளக்கும் முள்ளையே மீன் இரையென மயங்குகிறது. ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன். ஒரு கைக்கு ஒரு தூண்டில். அரைமணி நேரத்தில் தளம் நிறைந்துவிட்டது.

எங்களுள் உடல்வலிமையில் முதல்வரான மேலப்பாளையத்து நண்பர் ஒரு கழியை வாங்கிப் பார்த்தார். மூன்றாம் முயற்சியில் மீன் மேலெழுந்தது. எழுந்த மீன் தளத்துக்கு வராமல் பின்னால் நின்ற இயற்பியல் பேராசிரியரின் தோளில் மோதி மீண்டும் கடலுக்கே சென்றது. எறிபொருளின் இயக்கத்தைப் பல்லாண்டு பாடம் நடத்தியவர் அதை அன்றுதான் தோளால் உணர்ந்தார் என்று காக்கா கூற, கெயொளுவும் சிரித்தார்.

இம்முறையை நாம் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. வலையில் ஆமை படும்; ஓங்கில் படும்; சுறா படும்; வேண்டாத குஞ்சும் படும். ஒரு கழியில் வேண்டிய மீனன்றி வேறொன்று வருவது அரிது. மாலத்தீவின் இச்சூரைப் பிடிப்புக்கு 2012-இல் கடல்வளத்தைக் கெடுக்காத மீன்பிடிப்பு என்னும் பன்னாட்டுச் சான்று கிடைத்தது. குறையே இல்லை என்று கூறோம். இரைக்காகப் பாறைமீன் குஞ்சுகள் பெருமளவில் அள்ளப்படுகின்றன; பவளப்பாறைகள் நலிந்துவரும் நாளில் அது கவலைக்குரியதே. ஆயினும் ஒரு நாடே தன் பிழைப்பை ஒற்றைத் தூண்டிலில் நிறுத்தியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அக்கப்பலும் வலையும் வாங்க இயலாத வறுமையே அதற்குக் காரணம் என்று ஒரு நண்பர் வாதிட்டார். தொடக்கத்தில் அவ்வாறு இருந்திருக்கலாம். வாங்கும் வசதி வந்த பிறகும் தூண்டிலை விடாதிருப்பதற்கு வறுமையைக் காரணம் கூற முடியாதல்லவா?

காலையில் பிடித்தது தொழில். அதில் நாங்கள் விருந்தினர். எங்கள் முறை மாலையில் வந்தது. அஸர் தொழுதபின் சிறிய தோணியொன்றில் பாறைவிளிம்புக்குச் சென்றோம். இங்கே கழி இல்லை. கையில் நைலான் நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, முள்ளில் சூரைத்துண்டு. முப்பது முப்பத்தைந்து மீட்டர் ஆழத்தில் ஈயம் தரையைத் தொடும்போது விரலில் ஒரு தளர்ச்சி தெரியும். அதன்பின் காத்திருக்க வேண்டியதுதான். சூரியன் மறைந்து இருள் பரவும் அவ்வேளையில் பேச்சும் தானே அடங்கிவிடுகிறது. நண்பர்கள் ஒன்றுகூடினால் பேச்சுக்குக் குறைவிராது. ஒன்றுகூடி மௌனமாக இருத்தல் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? அந்த ஒரு மணிநேர அமைதிக்காகவே அச்செலவு தகும். முதல் மீன் வாணியம்பாடியாருக்குக் கிடைத்தது. கடலையே நாற்பது வயதுக்கு மேல் பார்த்தவர் அவர். சங்கரா. அடுத்தடுத்து விளமீன்கள், ஒரு பாரை, இரண்டு களவா. எட்டரை மணியளவில் ஒன்பது மீன்கள் சேர்ந்துவிட்டன. கெயொளு எண்ணிப் பார்த்து, "பஸ்" என்று கூறி நங்கூரக் கயிற்றைப் பற்றினார். அந்த உருதுச் சொல்லின் பொருளை எங்களுக்கு வாணியம்பாடியார் உரைக்க வேண்டியிருக்கவில்லை.

இங்குதான் வாதம் எழுந்தது. மீன் விடாமல் கடித்துக்கொண்டிருந்த நேரம் அது. இன்னும் ஒரு மணிநேரம் இருக்கலாம் என்றார் கீழக்கரை நண்பர் ஒருவர். "உணவுக்குப் போதுமென்றால் இனிப் பிடிப்பவற்றை விட்டுவிடுவோம், காக்கா. மேலைநாடுகளில் அப்படித்தானே செய்கிறார்கள்? உயிரும் பிழைக்கும், நமக்கும் பொழுது போகும்" என்பது அவர் வாதம். கேட்பதற்கு இது இரக்கமுள்ள பேச்சாகவே தோன்றும். காக்கா விடை கூறவில்லை. கெயொளுவிடம் ஏதோ கூறினார். அவர் கூடையிலிருந்த களவா ஒன்றை எடுத்து விளக்கொளியில் காட்டினார். அதன் வாய்க்கு வெளியே பலூன்போல் ஏதோ பிதுங்கியிருந்தது; கண்களும் புடைத்திருந்தன.

அது என்ன என்பதை இயற்பியல் பேராசிரியரே விளக்கினார். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. அவ்வாழத்தில் வாழும் பாறைமீனின் காற்றுப்பையிலுள்ள வாயு, மீனை விரைந்து மேலே இழுக்கும்போது நான்கு மடங்காக விரிகிறது. விரியும் பை இரைப்பையை வாய்வழியே வெளித்தள்ளுகிறது. அந்நிலையில் கடலில் விடப்பட்ட மீன் கீழே செல்ல இயலாமல் மேற்பரப்பில் மிதக்கும். மிதப்பதைச் சுறாவோ பறவையோ கொண்டுபோகும். மீனை அதன் ஆழத்துக்கே இறக்கிவிடும் எடைக்கருவிகள் சில நாடுகளில் வழக்கிலுள்ளன. அவை இருப்பின் ஓரளவு பிழைக்கும். நம் போன்றோர் ஏறிச்செல்லும் தோணிகளில் அவை ஏது? சூரையின் நிலை வேறு. நீந்திக்கொண்டே இருந்தால்தான் அது மூச்சுவிட முடியும். தளத்தில் கிடத்திப் படம் எடுக்கும் நேரமே அதற்கு முடிவாகிவிடும்.

ஆதலின் 'பிடித்து விடுதல்' என்பது பல வேளைகளில் கண்ணுக்குத் தெரியாமல் கொல்லுதலே. உண்பவன் தான் கொன்றதை அறிவான். அதற்கொரு நன்றியும் அவனிடம் இருக்கும். விட்டவனோ தான் கொல்லவில்லை என்று நம்பிக்கொண்டு உறங்கச் செல்கிறான். இவ்விருவருள் முன்னவனே நேர்மையானவன் என்போம். இஹ்ராம் உடுத்த நிலையில் தரை வேட்டை விலக்கப்பட்டும் கடல் வேட்டை ஆகுமாக்கப்பட்டிருப்பதைப் பெரியோர் அறிவர். அந்த அனுமதி உணவின் பொருட்டு வந்தது. உயிருள்ள ஒன்றை விளையாட்டுக்கு இலக்காக்குவதை மார்க்கம் தடுத்திருப்பதையும் அவர்கள் அறிவர். கடல் பெரிது என்பதனால் இவ்விரண்டாவது செய்தி நம் நினைவுக்கு வராமற் போகிறது.

விடவேண்டிய மீன்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆழமற்ற நீரில் பிடிபட்ட குஞ்சை உடனே விடுதல் வேண்டும். களவாவின் வாழ்க்கையில் ஒரு விந்தை உண்டு. அவ்வினத்தில் பல வகைகள் பெண்ணாகவே வளர்ந்து, பருத்த பின்னரே ஆணாக மாறுகின்றன. பெரிய மீன்களையே தேடித் தேடிப் பிடித்தால் அப்பாறையில் ஆண்கள் அருகிவிடும்; சிறியவற்றையே பிடித்தால் முட்டையிடுவன அற்றுவிடும். இடைத்தரமான சிலவற்றை எடுத்துக்கொண்டு இடத்தைவிட்டு அகல்வதே அறிவுடைமை. கெயொளு ஒன்பதோடு கயிற்றைப் பற்றியதன் பொருள் அதுவே. கீழக்கரை நண்பர் அப்போதும் முழுமையாக இசையவில்லை. இரை எஞ்சியிருக்கிறதே என்றார். எஞ்சிய இரையும் மீன்தான், தம்பி. நாளைக் காலை அதுவே சம்பல் என்று காக்கா முடித்துவைத்தார்.

கரை திரும்பியதும் சமையல். காலையில் எங்களுக்கென ஒதுக்கப்பட்ட இரண்டு சூரைகள் பனிக்கட்டியில் இருந்தன. அவற்றைத் துண்டாக்கி உப்புநீரில் வேகவைத்து, மேலெழும் நுரையை வழித்தெடுத்து வடித்த தெளிநீரே அவர்களின் நாளாந்த உணவாகிய 'கருதியா'. மஞ்சளும் இல்லை, மல்லியும் இல்லை, புளியும் இல்லை. சோற்றில் அதை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு உண்கின்றனர். நம் மீனாணம் உண்டு பழகிய நாவுக்கு முதற்கவளம் ஏமாற்றமே. மூன்றாம் கவளத்தில்தான் மீனுக்கென்று தனியே ஒரு சுவை இருப்பது தெரிகிறது. மசாலையின் துணையின்றித் தலைநிமிர்ந்து நிற்கும் மீன், பிடித்த அன்றே உண்ணப்படும் மீன் ஒன்றுதான். இக்கருதியாவை மணிக்கணக்கில் வற்றக் காய்ச்சினால் கரும்பழுப்பு நிறக் குழம்பாகிறது. அதற்கு 'ரிஹாகுரு' என்று பெயர். அதை மாதக்கணக்கில் வைத்திருந்து தொட்டுக்கொள்வர். பாறைமீன்களில் ஐந்தைக் கீறி, மிளகாயும் பூண்டும் தடவித் தென்னைமட்டைத் தணலில் சுட்டோம். காயலார் தம் பையிலிருந்து பெரிய சஹன் ஒன்றை எடுத்தபோது வியக்காதவர் இல்லை. அயல்நாட்டுப் பயணத்துக்கு ஆடையைக் குறைத்துக்கொண்டு சஹனை எடுத்துவந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கமுடியும். அதைச் சுற்றி நாங்களும் கெயொளுவும் அவருடைய ஆட்கள் இருவருமாக நெருங்கி அமர்ந்தோம். பத்துக் கைகளுக்கு அது போதவில்லை; தீவுக்காரர் இன்னொரு தட்டம் கொணர்ந்தார்.

இடையே ஒரு சிறு சிக்கல். பக்கத்துத் தோணிக்காரர் அன்பளிப்பாகக் கணவாய் சில தந்திருந்தார். ஷாஃபி மத்ஹபைச் சார்ந்த கடற்கரையார் அதைச் சுட்டு உண்டனர். ஹனஃபி மத்ஹபைச் சார்ந்த வாணியம்பாடியாரும் மேலப்பாளையத்தவரும் மீனல்லாத கடலுயிர் தங்களுக்கு ஆகாது என்று ஒதுங்கினர். இறாலின் நிலை பற்றி அரைமணி நேரம் விவாதம் நடந்தது. இரு சாராருக்கும் பொதுவான சூரை ஆறிப்போவதைக் காக்கா சுட்டிக்காட்டியதும் விவாதம் அடுத்த நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு உரைத்தல் நம் கடமை. பிடித்ததை உண்போம் என்று கூறுமிடத்து, எதை எப்படி உண்பது என்பதையும் கூறவேண்டும். சூரையைப் பிடித்த உடனே குருதி வடியவிட்டுப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் சில மணிநேரம் கிடந்தால் அதன் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு ஆகியவை உண்டவரை வருத்தும். வெப்பக்கடலின் பவளப்பாறைகளில் வாழும் பெருமீன்களில் இன்னொரு தீங்கும் உண்டு. நுண்ணுயிர்ப் பாசியொன்றின் நஞ்சு சிறுமீன்வழி பெருமீனுக்கு ஏறிச் சேர்கிறது. சிகுவாடெரா எனப்படும் இந்நஞ்சும் சமையலால் நீங்குவதன்று. மணத்தாலோ சுவையாலோ அறியக்கூடியதுமன்று. மிகப் பருத்த ஷீலாவையும் களவாவையும் சங்கராவையும், குறிப்பாக அவற்றின் தலையையும் ஈரலையும், தவிர்ப்பது நலம். அவ்விடத்து மீனவர் இதை உண்ணாதே என்றால் உண்ணாதிருப்பதே அறிவு. பெரிய மீனைப் பிடித்ததாகப் பெருமை கொள்வோர் உடல்நலம் கருதியேனும் இதை நினைவிற் கொள்வாராக.

ஒன்பது பாறைமீனில் ஐந்துதானே சமையலுக்கு? எஞ்சிய நான்கும் பங்காகச் சென்றன. ஆள்கள் இருவருக்கும் ஒவ்வொன்று; கெயொளுவின் தாயார் வீட்டுக்கு ஒன்று; தங்குமிடத்துக்கு அடுத்த வீட்டில் தனியே வாழ்ந்த முதியவருக்கு ஒன்று. எங்களை எவரும் கேட்கவில்லை. கெயொளு தாமே பிரித்து அனுப்பினார். அத்தீவில் அதுவே வழக்கம் போலும். இதைக் கண்டபோது தமிழ்த்துறையைச் சார்ந்த நமக்கு அகநானூற்றின் முப்பதாம் பாட்டு நினைவுக்கு வந்தது வியப்பன்று. வலையைக் கரைக்கு இழுத்த பரதவர், களத்தில் நெல்லைத் தொகுத்த உழவரைப்போல, இரந்து வந்தோரின் வெறுங்கலங்கள் நிறைய முதலில் வழங்குகின்றனர். அதன்பின்னரே எஞ்சியதைக் கூறுகளாக்கி விலை கூறுகின்றனர். கொடை முந்தியது, விலை பிந்தியது என்னும் வரிசை அப்பாட்டில் தெளிவாக இருக்கிறது. நெய்தல் திணையை இரங்கலுக்குரியதாக மட்டுமே பாடம் நடத்தி முடித்துவிடுகிறோம். அத்திணை மாந்தர் மீனை எவ்வாறு பங்கிட்டனர் என்பதையும் மாணவர்க்குச் சொல்லலாம். தேர்வில் அவ்வினா வருவதில்லை என்பது வேறு செய்தி.

ஒன்பது மீனைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று கேட்பவர் உண்டு. பெருங்கப்பல்கள் ஒரே வளைப்பில் பல டன் சூரையை வாரிச் செல்லும் கடலில், எழுவர் இட்ட தூண்டிலால் என்ன குறைந்துவிடும் என்பார்கள். கேள்வி பொருளுடையது. இந்தியப் பெருங்கடலில் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுமிஞ்சிப் பிடிக்கப்படுவதாக அப்பெருங்கடலின் சூரை ஆணையம் 2015-இல் கணித்தது; 2016-இல் மீட்புத் திட்டமும் வகுத்தது. 2024-இன் கணிப்பு அதைவிட ஆறுதலாக அமைந்தது. அந்த வீழ்ச்சிக்கு இன்பச் செலவினர் காரணரல்லர். மிதவைகளை நட்டு அவற்றடியில் கூடும் குஞ்சுகளையும் சேர்த்து வளைக்கும் பெருங்கப்பல்களுக்கே அதில் பெரும்பங்கு. ஆனால் பாறைமீனின் கதை வேறு. அது கடல் முழுதும் திரிவதன்று. தன் பாறையைவிட்டு அதிகம் அகலாது. ஒரு தீவின் பாறைக்கு நாள்தோறும் பத்துப் படகுகளில் விருந்தினர் வந்து ஆளுக்குப் பத்துமீன் இழுத்தால் அப்பாறை சில ஆண்டுகளில் வெறுமையாகும். அங்கே ஒன்பது என்பது கணக்கில் வரும் எண்ணே.

நம் கரைக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்குத் தூண்டிலுக்கு இடமில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அந்நாள்களில் மீனவர் வீடுகளில் அடுப்பெரிவதன் அருமையை நாம் அறிவோம். அவர்கள் பட்டினி காத்துப் பெருகவிட்ட மீனை, தடை நீங்கிய மறுவாரம் நாம் வேடிக்கைக்குப் பிடித்து மணலில் எறிந்து வருவது எவ்வகையிலும் தகாது. அண்மையில் ஒரு கடற்கரையில் அவ்வாறு எறியப்பட்ட மீன்களை நாம் கண்டோம். பிடித்தவர்கள் படித்தவர்கள் என்பது அங்குக் கிடந்த பொருள்களால் தெரிந்தது.

மாணவர்களைக் கடலுக்கே அனுப்பக்கூடாது, ஆபத்து என்று பெரியோர் சிலர் நம்மிடம் கூறினர். அக்கவலையை மதிக்கிறோம். எனினும் கடற்கரை ஊரில் பிறந்து, முன்னோர் மரக்கலம் ஓட்டியதைப் பெருமையாகப் பேசிக்கொண்டு, அலைக்கு அப்பால் ஒருமுறையேனும் செல்லாமல் பட்டம் பெற்று வெளியேறும் பிள்ளைகள் நம்மிடம் மிகுதி. மீன் அவர்களுக்குச் சந்தையில் கிடைக்கும் ஒரு பொருள். அதன் பின்னுள்ள கை அவர்கள் கண்ணில் பட்டதில்லை. மீனவரோடு ஒரு நாள் இருந்து வந்தவன் மறுநாள் சந்தையில் பேரம் பேசும் முறையே மாறிவிடும் என்று நாம் உறுதியாகக் கூறுவோம்.

ஆகவே நம் துறை மாணவர்க்கு ஒரு செலவை வரும் ஜூலையில் அமைக்கலாம் என்பது நம் முன்மொழிவு. மீன்வளத்துறையின் அனுமதியும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் வேண்டும். படகும் தூண்டிலும் உள்ளூர் மீனவருடையனவாகவே இருக்கட்டும். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களின் ஒருநாட் கூலியை முன்னரே கொடுத்துவிட வேண்டும். பூங்காவின் எல்லை எதுவென்பதை அவர்கள் அறிவார்கள். பனிக்கட்டிப் பெட்டி விடுதிச் சமையற்கூடத்தில் இருக்கிறது. சஹன் மூன்று, காயல் நண்பர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். படகுக்காரரிடம் புறப்படும் முன்பே கூறிவைக்க வேண்டியது ஒன்றுதான்: ஆள் பன்னிரண்டு, மீன் பத்து.